மொத சனிக்கெயம டிக்கெட்டு

அழுவாதக்கா. தோ, இப்பிடி ஜன்னல் பக்கமா திரும்பிக் குந்து. பொண்ண பம்பாய்ல கட்டிக் குட்த்தா எல்லாம் முடிஞ்சி பூட்ச்சா இன்னா? மாசாமாசம் வரலாம்கா. மெய்யாலுமே சொல்றேன். நான் வர்றேன் இல்ல? மூணு வருசத்துக்கு மேல ஆச்சி, ஒரு மாசம் உட்டதில்ல.

ஆமாக்கா, மெட்ராஸ்தான். நீ போன்ல பேசிகினு இருந்தியே, அத்த கேட்டதுமே நம்ம பக்கம்னு தெரிஞ்சிகினேன். அதான் எய்ந்து வந்து இங்க குந்தினேன். திருவொத்தியூரா? எங்க, தேரடியாண்டயா? அட, நான் வேல செய்றதே அங்கதான்கா. எண்ணூர் ஹைரோட்டு மேல கன்டெய்னர் யார்டு கீது பாரு, அதுல கிரேன் ஓட்றேன். வூடு வியாசர்பாடி. பேரு பகலவன்.

மய பேஞ்சிகினே கீது, அதான் லேட்டு. இன்னும் ஒரு அவராவது ஆவும். போர்டுல போட்டுட்டான். பயப்படாத, மயயில ப்ளேனுக்கு ஒண்ணும் ஆவாது. மணலி ரோட்ல ஷேர் ஆட்டோ போற மாரி கொஞ்சம் குலுங்கும், அவ்ளோதான். மொத தபா நான் கூட சீட்டு கம்பிய புட்சிகினு கண்ண மூடிகினுதான் வந்தேன். கிரேன்ல அவ்ளோ ஒசரத்துல குந்திகினு வேல செய்றவன் நான். இருந்தாலும் அது நம்ம கையில கீது, இது எவன் கையிலயோ கீது இல்ல?

டிக்கெட்டு யாரு வாங்குனது, மருமவனா? எவ்ளோன்னு சொன்னாரா? அய்யய்யோ. நேத்து வாங்கிகீறாரு, அதான். அவர சொல்லி தப்பில்லக்கா, தெரியாதவங்கோ அப்பிடித்தான் வாங்குவாங்கோ. ப்ளேன் டிக்கெட்டு இன்னான்னா, காசிமேட்ல மீன் விக்கிற மாரிதான், ஆனா தலகீயா. அங்க நேரம் ஆவ ஆவ வெல எறங்கும், வெச்சிருந்தா நாறிப்பூடும் இல்ல. இங்க நேரம் ஆவ ஆவ வெல ஏறும். நாளைக்கி போறேன்னு வந்து நின்னா, இவனுக்கு இன்னாவோ அவசரம், எவ்ளோ சொன்னாலும் குட்ப்பான்னு அவனுக்குத் தெரியும். என் டிக்கெட்டு உன்துல பாதிகூட இல்ல. பக்கத்துல பக்கத்துலதான் குந்திகினு போவப் போறோம், ஒரே மேகம், ஒரே குலுக்கல். நீ ஒரு வெல, நான் ஒரு வெல.

ரயில்லயா? ரயிலு கம்மிதான், இல்லங்கல. ஆனா ஒரு பகலு ஒரு ராத்திரி முய்சா போயிடும். போவ ஒண்ணு, வர ஒண்ணு. உனுக்கு இடுப்பு வலின்னு வேற சொன்ன. நான் மொத வருசம் பூரா ரயில்லதான் வந்தேன். வெயாயக்கெயம ஏறணும், வெள்ளிக்கெயம எறங்கணும், சனிக்கெயம வேலைய முட்ச்சிகினு திரும்ப ஏறினா ஞாயித்துக்கெயம ராத்திரி வூடு. மாசத்துல நாலு நாளு அப்பிடியே பூடும். யார்டு சூப்ரவைசரு சுப்பராயன், நல்ல மன்சன்தான், அவரே ஒரு நாளு கூப்ட்டு, பகலவா, கிரேன் ஓட்றியா ரயிலு ஓட்றியா, ஒண்ணு சொல்லுன்னாரு.

அப்பதான் தேவப்பிரியம் வந்தான். நம்ம தோஸ்து. யார்டுக்கு பேப்பர் எட்த்துகினு வருவான், பாரிஸ் கார்னர்ல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேல. அவனாண்டதான் கம்ப்யூட்டரு கீது. அவன் சொன்னான், இன்னாடா நீ, இப்ப ப்ளேன்லாம் பஸ் மாரி ஆயிப்போச்சி, ஒரு ரூவாக்கி டிக்கெட்டுன்னு பேப்பர்ல போட்றான், நீ இன்னும் ரயில்ல தொங்கிகினு போற. ஒரு ரூவான்னதும் நானு நம்பிட்டேன்கா. அப்பால பாத்தா ஒரு ரூவா டிக்கெட்டுக்கு, வரி, எண்ணெய்க்கி, ஏர்போர்ட்டுக்கு, அது இதுன்னு போட்டு ரயிலு ஏசி வண்டி காசு வந்து நிக்கிது. இருந்தாலும் கணக்கு போட்டுப் பாத்தா, மூணு நாளு கூலி மிச்சம். காலையில மொத ப்ளேன்ல வந்து சாயந்தரம் இந்த ப்ளேன்ல போயிட்லாம். ஞாயித்துக்கெயம ஷிப்டுக்கு நிக்கலாம்.

சொல்றேன் கேளு, உனுக்கு உதவும். ப்ளேன்ல ரெண்டு ஜாதி கீது. வால்ல மஞ்ச பூசினுகீறான் பாரு, அவன் கம்மி வெல. தண்ணி கேட்டா கூட துட்டு. இதோ நம்மள்து, நீலம், இவன் பெரிய கம்பெனி. சோறு போடுவான், துணி குட்த்து மூஞ்சி தொடச்சிக்க சொல்லுவான், வெலயும் ஜாஸ்தி. ஆனா இவனாண்ட ஒரு விசயம் கீது. பாயிண்டு. அதோ மேச போட்டுகினு நிக்கிது பாரு, கய்த்துல துணி கட்டிகினு, அந்தப் பொண்ணாண்ட கேட்டா கார்டு குட்க்கும். சும்மாதான். ஒவ்வொரு தபாவும் அந்த நம்பர சொல்லி டிக்கெட்டு வாங்கினா, போற தூரத்துக்குத் தக்கன பாயிண்டு ஏறிகினே இருக்கும். ஒரு பத்து தபா ஏறினேன்னு வெச்சிக்கோ, ஒரு தபா போவ வர ஓசி.

ஓசின்னா முய்சா ஓசி இல்லக்கா. வரி மட்டும் கட்டணும். இன்னொண்ணு, எல்லாருக்கும் லீவு வர்ற நேரத்துல, மே மாசம், தீவாளி, கிறிஸ்மஸ்சு, ஓசி சீட்டு குட்க்கவே மாட்டான். கேட்டா ரொம்பிப்போச்சிம்பான். வெச்சிகினே இருந்தாலும் அடுத்த வருசக் கடசியில செத்துப்பூடும். அதனால நான் இன்னா பண்ணுவேன், வர்றச்சொல மஞ்சயில வருவேன், போறச்சொல நீலத்துல போவேன். செலவும் அடங்கும், பாயிண்டும் சேரும். தேவப்பிரியம் சிரிப்பான், உன்ன மாரி ஒருத்தன் எங்க ஆபீஸ்ல இருந்தா மொதலாளி சந்தோசப்படுவான்டான்னு.

வியாபாரமா? நானா? இல்லக்கா. எம்பொண்ணு இங்க கீது. மகிழினி. ஏழு வயசு.

கோர்ட்ல சொல்லிகீறாங்கோ. மாசத்துல மொத சனிக்கெயம, மூணு மணி நேரம், அங்கயே பாத்துக்கணும். வெளிய இட்டுகினு போவக்கூடாது. இன்னிக்கும் அங்கேந்துதான் நேரா வர்றேன்.

இல்ல, சொல்லிக்கிற மாரி சண்டையெல்லாம் இல்லக்கா. ஜெமிமா நல்ல பொண்ணு. அவங்கோ தெக்கத்திக் கிறிஸ்டின், திருநெவேலி பக்கம். அப்பா இங்க தாராவில மளிகக் கட வெச்சிகீறாரு. நர்சுக்குப் படிக்க மெட்ராஸ் வந்து சித்தப்பா வூட்ல தங்கிகினு இருந்திச்சி, வண்ணாரப்பேட்டையில. எனுக்கு ஒரு தபா கன்டெய்னர் கதவுல வெரலு மாட்டிகினு நசுங்கிப்போச்சி. இந்த வெரலு, பாரு, நகம் இல்ல. கட்டு போட வந்தது அதுதான். நான் வலியில கத்தறேன், அது, கத்துங்க, நல்லா கத்துங்க, நானே கத்தலாம்னு இருக்கேன், எனக்கு இதுதான் மொத கட்டுங்குது. எனுக்கு சிரிப்பு வந்துட்ச்சி. அப்பிடித்தான் ஆரம்பிச்சிது.

அவங்க வூட்ல ஒத்துக்கல. நாங்க வியாசர்பாடி, புத்தரக் கும்புடறவங்கோ, அவங்கோ கடகண்ணி வெச்சிகீறவங்கோ. எப்பிடி ஒத்துப்பாங்கோ? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிகினோம். தேவப்பிரியம்தான் சாச்சிக் கையெயுத்து.

இன்னா ஆச்சின்னா... எனுக்கு ஷிப்டு, அதுக்கும் ஷிப்டு. கொயந்த பொறந்தப்பறம் நான் வேலைக்குப் போறச்சொல அது வேல முட்ச்சிகினு வரும். மிண்ட் பஸ் ஸ்டாண்டுல வெச்சி கொயந்தய கை மாத்துவோம்கா. நான் கன்டெய்னர மாத்தி வெக்கிற மாரி. பால் குட்ச்சிட்ச்சி, ஜொரம் இல்ல, அவ்ளோதான் பேச்சி. பஸ்ஸு வந்துடும். ரெண்டு வருசம் அப்பிடி ஓட்ச்சி. அப்பால பேசுனாலே சண்ட. யாரு மேல தப்புன்னு கோர்ட்ல ரெண்டு பக்கமும் வக்கீலுங்கோ வாய் வலிக்க சொல்லிட்டாங்கோ, அத்த நான் இன்னொரு தபா உன்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு கொயந்தயத் தூக்கிகினு பம்பாய்க்கி வந்துது. ஒரு மாசம்னுது. அப்பால அவங்கண்ணன் ஷிபின் போன் பண்ணான். இனிமே அவ வரமாட்டா, நீ பேசறதா இருந்தா வக்கீல் மூலமாப் பேசுன்னான்.

குடி? சேச்சே. அப்பிடி ஏதனா இருந்திருந்தா கூட தாவல, உட்டுட்டா சரியாப் பூடும்னு சொல்லிக்கலாம்.

அந்த ரூமு இருக்குதே, கோர்ட்லியே மாடியில ஒரு ரூம்கா. கொயந்தைங்களுக்குன்னு வுட்டுகீறாங்கோ. சொவுத்துல யானை, மயிலு எல்லாம் வரஞ்சிகீது. ஒடஞ்ச காரு, கண்ணு இல்லாத பொம்ம. சின்னப் பசங்க நாக்காலிங்கதான், அதுல நம்பள மாரி தடிப்பசங்க முட்டிய மட்ச்சிகினு குந்திகினு இருப்போம். ஒரு மூலையில ஒருத்தன் பொண்ணுக்கு ஜட பின்னிகினு இருப்பான், தெரியாது அவனுக்கு, தப்புத் தப்பா பின்னுவான். இன்னொரு அம்மா சோறு கட்டிகினு வந்து பையனுக்கு ஊட்டிகினே இருக்கும், அவன் வோணாம் வோணாம்பான். வாசல்ல ஜீனத்தம்மான்னு ஒரு அம்மா, அதுதான் பேரு எய்திகினு உள்ள உடும். நான் பேசுன ஹிந்தியக் கேட்டு மொத மொத சிரிச்சது அதுதான்.

மொத தபா போனப்ப மகிழினி என்னாண்ட வரவே இல்ல. ஒரு வருசத்துக்கு மேல பாக்காத மூஞ்சி, அதுக்கு எப்பிடித் தெரியும்? அவங்கம்மா துப்பட்டாவுக்குள்ள பூந்துகினு நிக்கிது. ஜெமிமா, போடி, அது அப்பாதான்டி, போடின்னு தள்ளுது. நான் பேசாம தரையில குந்திட்டேன். எங்கயோ பாக்குற மாரி பாத்துகினு, இந்தக் கைய கிரேன் மாரி மேல தூக்கினு, ர்ர்ர்னு சத்தம் குட்த்துகினு, கீய எறக்கி, அந்த ஒடஞ்ச காரத் தூக்கினேன். தூக்கி ஆகாசத்துல வெச்சிகினு, மேடம், எங்க எறக்கணும்னேன். கையி வலிக்கிது, ஆனா எறக்கல. ரொம்ப நேரங்கழிச்சி துப்பட்டாவுக்குள்ளேந்து தம்மாத்தூண்டு வெரலு வெளிய வந்து, இங்கன்னு காட்டிச்சி. அவ்ளோதான், மூணு மணி வரைக்கும் லோடு எறக்கினேன். அந்த ரூமுல கீற சாமானெல்லாம் எறக்கினேன்.

ஜெமிமாவா? என்னாண்ட ஜாஸ்தி பேசாது. ஆனா நான் அதுக்கு நெத்திலிக் கருவாடு எட்த்துகினு வருவேன்கா. காசிமேட்டு நெத்திலின்னா அதுக்கு உசுரு. மெட்ராஸ் ஏர்போர்ட்ல ஒரு தபா மிசின்ல பையப் பாத்துட்டு ஒரு போலீஸ்காரன் தொறன்னான். தொறந்தேன். மூக்கப் புட்சிகினு மூடு மூடுன்னு கத்துறான், பின்னாடி கோட்டு போட்டவங்கோலாம் நாலு அடி தள்ளிப் போயிட்டாங்கோ. அத்த ஜெமிமாவாண்ட குட்த்தா வாங்கி கைப்பையில வெச்சிக்கும். ஒரு தபாகூட வோணாம்னு சொன்னதில்ல.

பாயிண்டு எதுக்கு சேத்தேன்? பொண்ணுக்குத்தான். நம்ம பேர்ல சேந்தது, ஆனா வூட்ல கீற யாரு பேருக்கு வோணும்னாலும் டிக்கெட்டு போடலாம். கொயந்தைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே பாயிண்டுதான், அதுல ஒண்ணும் கொறச்சிக்க மாட்டான். ஒரு டிக்கெட்டுக்கு சேந்ததும் வக்கீல வெச்சிக் கேட்டேன், ஒரு வாரம் மெட்ராசுக்கு இட்டுகினு போயி இட்டாறேன்னு. ஜட்ஜம்மா மே மாசம் லீவுல போட்டும்னாங்கோ. தேவப்பிரியம் கம்ப்யூட்டர்ல பாத்தா மே மாசத்துல ஒரு நாளு கூட ஓசி சீட்டு இல்ல. துட்டு குட்த்து வாங்கலாம்னா மூணு மடங்கு. அதுவும் போவட்டும், பொறட்டிடலாம்னு பாத்தா, அந்த வாரமே அதுக்கு அம்ம போட்டுட்ச்சி. பூட்ச்சி. அப்பால இங்க கணபதி பண்டிகைக்கி லீவு உட்டாங்கோ, போன வருசம், அதுக்குதான் கெட்ச்சிது.

அந்த அஞ்சி நாளு இருக்கே யக்கா...

இட்டுகினு போறச்சொல இங்கதான் குந்தினோம், அதோ அந்தக் கடயாண்ட. புது கவுனு போட்டு, பேருலாம் எய்தின பை மாட்டி ஜெமிமா கொண்டாந்து உட்டுது. ஜன்னல் சீட்டு. பெல்ட்டு போட்டேன். அப்பா, நீதான் ஓட்டுவியாங்குது. இல்லம்மா, இது வேற ஆளு ஓட்டுவாருன்னேன், மூஞ்சி சுருங்கிப்போச்சி. சோறு குட்த்தாங்கோ இல்ல, அந்த தம்மாத்தூண்டு வெண்ணெயப் பிரிச்சி அப்பிடியே வாயில போட்டுக்கிச்சி. கொஞ்ச நேரம் மேகத்தப் பாத்துது, கொஞ்ச நேரம் என்னப் பாத்துது. ரொம்ப நேரமா ப்ளேன் போய்கினே கீதேன்னு அதுக்கு. அப்பால என் கைய தொட்டு கேட்டுது. ப்பா, நீ இவ்ளோ தூரத்துலேந்தா வர்ற? நான் கோர்ட்டுக்குப் பின்னாடி தெருவுல ஒன் வீடு இருக்குன்னு நெனச்சேன்.

ஆமாம்மா, கொஞ்சம் தூரம்தான்னேன். பாத்ரூம் போறேன்னு எய்ந்து போயி மூஞ்சி கய்விகினு வந்தேன்.

வியாசர்பாடியே வந்துட்ச்சிக்கா அத்தப் பாக்க. ரெண்டாவது நாளு ராத்திரி அம்மா வோணும்னு அழுதுது, போன் போட்டுக் குட்த்தேன், அங்கயும் அழுவுது, இங்கயும் அழுவுது. காலையில எய்ந்து தெருப் பசங்களோட ஒரே ஆட்டம். யார்டுக்கு இட்டுகினு போனேன், சுப்பராயன் சார் கேட்டாண்ட நிக்க வெச்சி காட்னாரு. நான் மேல ஏறி ஒரு பொட்டியத் தூக்கினு நிக்கிறேன், கீய பாக்கறேன். தொப்பி போட்டுகினு, எறும்பு மாரி, கைய நீட்டி இங்க இங்கன்னு காட்டுது. அங்கதான் வெச்சேன். தப்பான எடம். அப்பால எட்த்து மாத்தினேன்.

பம்பாய்க்கி திரும்ப வந்து அவங்கம்மாவப் பாத்ததும் அது கேட்ட மொத பேச்சி இன்னா தெரியுமா? இன்னாம்மா, சோக்கா கீறியா. ஜெமிமா வாயப் பொத்திகினு சிரிக்கிது. ரொம்ப வருசம் கழிச்சி அது சிரிச்சிப் பாத்தேன். அதுக்கும் எனுக்கும் அப்ப ஏதோ... சரி, உடு.

இன்னா பாயிண்டா? இன்னும் கீதுக்கா. அதுக்கப்பறமும் சேந்துகினுதானே இருந்திச்சி. அத்தத்தான் உன்னாண்ட சொல்லணும்னு பாத்தேன். இப்ப ஒரு ஓசி டிக்கெட்டுக்கு, போவ வர, இருக்குது. இந்த டிசம்பருக்குள்ள எடுக்கலன்னா செத்துப்பூடும். உம்பொண்ணு பேரு இன்னா சொன்ன, செங்கொடியா? அந்தப் பொண்ணு பேருக்குப் போட்டுக் குட்க்கறேன். தீவாளிக்கி கெடைக்காது, அதுக்கு முன்னாடி ஒரு நாளு வந்துட்டுப் போட்டும். என் அக்கா பொண்ணுன்னு எய்திக்கலாம், அதெல்லாம் எவனும் வந்து பாக்கமாட்டான். கல்யாணம் ஆயி மொத தபா பொண்ணு வூட்டுக்கு வர்றது எப்பிடி இருக்கும் உனுக்கு. துட்டெல்லாம் வோணாம். வரி மட்டும் மருமவன கட்டச் சொல்லு.

வெச்சிகினு இன்னாக்கா பண்றது? மகிழினிய இட்டாரதுக்கா?

அது இங்க இல்லக்கா. ஜூன் மாசமே பூட்ச்சி. நியூசிலாந்து.

ஆமா, ஊரு உட்டு ஊரு இல்ல, நாடு உட்டு நாடு. ஜெமிமாவுக்கு அங்க ஆஸ்பத்திரில வேல கெட்ச்சிது. மார்ச்சுல சொல்லிச்சி, கோர்ட்டு எதிர டீக்கடயில. நாங்க ரெண்டு பேரும் சேந்து டீ குட்ச்சே எத்தினி வருசம் ஆச்சி. கொயந்தய இட்டுகினு போவணும்னா அப்பன் கையெயுத்து வோணும். நீங்க போடமாட்டேன்னா நான் போகல, கேஸெல்லாம் போட மாட்டேன், இங்கயே இருந்துர்றேன், அவ்ளோதான்னுது. டீயப் பாத்துகினே சொல்லிச்சி. அது கத்தி சண்ட போட்டிருந்தா, போடமாட்டேன்னு சொல்லியிருப்பேன்கா. அப்பிடி சொன்னா எப்பிடிக்கா மாட்டேன்றது? அதுவும் எத்தினி வருசமா ராத்திரி டூட்டி பாத்து பாத்து கண்ணுக்குக் கீய கருப்பா கீது. தனியா வளக்குது. அந்த ஊர்ல கொயந்தைக்கி ஸ்கூலு சும்மாவாம். சுத்தமான காத்தாம். நம்ம எண்ணூர் காத்து மாரி இல்லியாம்.

அடுத்த மாசம் வந்தப்ப பொண்ணாண்டயே கேட்டேன். போறியாம்மா, பனியெல்லாம் இருக்குமாம், ஆட்டுக்குட்டியெல்லாம் நெறைய இருக்குமாம்னேன். அப்பால கேட்டுது, அங்கயும் ஒரு ரூம் இருக்குமா ப்பா, நீ வர்றதுக்கு?

இருக்கும்மான்னு சொன்னேன். அன்னிக்கே கையெயுத்துப் போட்டேன்.

தேவப்பிரியத்தாண்ட பாக்கச் சொன்னேன், அந்த ஊருக்கு எத்தினி பாயிண்டுடான்னு. ரொம்ப நேரம் கம்ப்யூட்டரத் தட்டிகினு இருந்தான். என் மூஞ்சியப் பாக்காம சொல்றான், அந்த ஊருக்கு நம்ம ப்ளேன் போறதில்ல மச்சான், அது வேற கம்பெனி, இந்தப் பாயிண்டு அங்க செல்லாதுன்னு. டிக்கெட்டு வெல கேட்டேன். சொன்னான். நீ இந்த மாசாமாசம் பம்பாய் போற துட்ட எட்த்து வெச்சா ரெண்டு வருசத்துல ஒரு தபா போய் வந்துர்லாம்டா, இனிமே போவாதன்னான். அவன் சொல்றது கரீட்டுதான். கணக்கு எனுக்கும் தெரியும்.

ஞாயித்துக்கெயம போன் பண்ணும்கா. அங்க அப்ப ராத்திரி. நல்லாத்தான் கீது. இங்கிலீசு சேந்துகினே வருது பேச்சில. போன வாரம், இன்னாப்பா, சோக்கா கீறியான்னுது. இன்னும் மறக்கல.

அப்ப இன்னிக்கி எதுக்கு வந்தேனா?

தெர்லக்கா. ஜூலையில டிக்கெட்டு வாங்கி வெச்சது இருந்திச்சி. கம்மி வெல டிக்கெட்டு, கேன்சல் பண்ணா துட்டு வராது, சரி வீணாப் போவுதேன்னு வந்தேன். ஆகஸ்ட்டும் அப்பிடியேதான். இன்னிக்கி அப்பிடி சொல்ல முடியாது, இது போன மாசம் வாங்குனது. மொத சனிக்கெயம ஆனா காலையில நாலு மணிக்கே முயிப்பு வந்துடுது. வூட்ல குந்திகினு இன்னா பண்றது சொல்லு.

ஜீனத்தம்மா எப்பவும் போல பேர எய்திகினு உள்ள உட்டுட்ச்சி. நானு அந்த யானை வரஞ்சிகீற சொவுத்தாண்ட குந்திகினு இருந்தேன். ஜட பின்றவன் வந்திருந்தான், இப்ப நல்லாப் பின்றான். ஒரு மணி நேரம் கழிச்சி ஜீனத்தம்மா எனுக்கு டீ எட்த்துகினு வந்து, பேட்டி, அதான்கா பொண்ணு, இன்னும் வர்லியா பாயின்னுது. மய பேயுது இல்ல, டிராபிக்கு, கொஞ்சம் லேட்டாவும்னு சொன்னேன்கா.